ஓதம் ஏறிய சுவர்

லாரி கிராஞ்சி விடுதியை விட்டுக் கிளம்பி சிங்கப்பூர் விரைவுச்சாலையில் ஏறும்போது மணி ஐந்தே முக்கால். பின்னால் எதிரெதிராகப் போட்ட பலகைகளில் இருபது பேர். அதில் பதினெட்டுப் பேர் தூக்கம். மீதி இரண்டு பேரில் வெங்கட் கேள்வி கேட்பான், ரத்னவேல் பதில் சொல்வான். காற்று வார்த்தைகளைப் பிடுங்கிக்கொண்டு போகும் என்பதால் கேள்வியைக் கத்திக் கேட்க வேண்டியிருந்தது.

"வி.ஏ.ஓ. சார்! தமிழ்நாட்டுல உயரமான சிகரம் எது?"

"தொட்டபெட்டா."

"வெப்பச்சலன மழைக்கு இன்னொரு பேரு?"

"நாலு மணி மழை."

"டேய், நாலு மணிக்கு எந்திரிச்சவனைக் கொஞ்சம் தூங்க விடுங்கடா" என்று தலைக்கவசத்துக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

ரத்னவேல் இன்னும் வி.ஏ.ஓ. ஆகவில்லை. ஆனாலும் தங்கும் விடுதியில் எல்லோருக்கும் அவன் அதுதான். வரிசையில் குளிக்க நின்றால், "சார், பட்டா மாறுதலுக்கு மனு குடுக்கணும், வழி விடுங்க" என்பார்கள். அவன் பதிலுக்குச் சிரிப்பான். அதிகம் பேசுகிற ஆள் இல்லை. ஜெயங்கொண்டம் பக்கத்துக் கிராமம், பி.ஏ. வரலாறு, வயது முப்பத்திரண்டு. சிங்கப்பூருக்கு வந்து ஏழு வருஷம். மூன்று வருஷத்துக்கு முன் லீவில் போய் அந்த வேலைக்கான குரூப் ஃபோர் தேர்வு எழுதினான். வேலை ஒரே ஒரு கேள்வியில் போனது. ஒரு கேள்விக்கு ஒன்றரை மார்க். அவனுக்குக் குறைந்ததும் சரியாக அந்த ஒன்றரைதான்.

எந்தக் கேள்வி என்பது அவனுக்குத் தெரியும். 'ஓதங்கள் தோன்றக் காரணம் எது?' நாலு விடை. காற்று. புவித்தட்டுகளின் நகர்வு. சந்திரன், சூரியனின் ஈர்ப்பு விசை. நிலத்தடி நீர் மேலேறுதல்.

கேள்வியைப் படித்ததும் அவனுக்குச் சிரிப்பு வந்தது. இதைப் போய் என்னிடம் கேட்கிறார்களே என்று நாலாவது வட்டத்தைக் கறுப்பாக, அழுத்தி, விளிம்பு வெளியே வராமல் நிரப்பினான்.

அவன் பிறந்த வீட்டில் ஓதம் என்றால் மழைக்காலத்தில் சுவரின் அடியிலிருந்து முழங்கால் உயரத்துக்கு ஏறுகிற ஈரம். 'சுவத்துல சாயாதே, ஓதம்' என்பார்கள். சிங்கப்பூரிலும் அவன் வேலை அதுவே. வாட்டர் ப்ரூஃபிங். கிளமெண்டியில் அடுக்குமாடிக் கூரை, பிடோக்கில் குளியலறைத் தரை. எங்கே ஒழுகினாலும் ரத்னவேலைத்தான் கூப்பிடுவார்கள். உள்ளங்கையைச் சுவரில் வைத்து, கண்ணை மூடி, ஒரு சாண் தள்ளி மறுபடி வைப்பான். "இங்க உடைங்க" என்பான். அங்கே இருக்கும். அப்படிப்பட்ட கை ஓதத்தில் தோற்றது. கடல் மட்டம் ஏறி இறங்குவதற்கும் புத்தகத்தில் அதே பேர் என்று கடலே தெரியாத ஊர்க்காரனுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

விஷயம் விடுதியில் பரவியபோது மூன்று நாள் சிரித்தார்கள். அவனும் சேர்ந்து சிரித்தான். பிறகு தனியே உட்கார்ந்து புவியியலையும் சுற்றுச்சூழலையும் ஆறாம் வகுப்புப் பாடத்திலிருந்து தொடங்கினான்.

படிக்கப் படிக்க ஒன்று புரிந்தது. படித்ததெல்லாம் தலைக்கு மேலேயே நடந்துகொண்டிருந்தது. கிளமெண்டி மொட்டைமாடியில் நாலு வருஷமாக மதியத்துக்கு மேல் கறுத்துக்கொண்டு வந்து, இடி எச்சரிக்கைச் சங்கு ஊதி, வேலையைக் கெடுத்த மழையை அவன் திட்டாத நாளில்லை. நிலநடுக்கோட்டுப் பகுதி, காலையில் சூடு, நீர் ஆவியாகி மேலெழும்பி, பிற்பகலில் மழை என்று ஒருநாள் புத்தகத்தில் படித்தான். அன்று சங்கு ஊதியதும் எல்லோரும் படிக்கட்டுக்குள் ஓட, அவன் மட்டும் கதவோரம் நின்று வானத்தைப் பார்த்தான். மேகம் கீழிருந்து மேலாகக் கட்டடம் கட்டிக்கொண்டிருந்தது. மணி மூன்று ஐம்பத்தைந்து. முதல் சொட்டு விழுந்தபோது அவனுக்கு உடம்பு சிலிர்த்தது. இவ்வளவு காலம் விடையின் மேலேயே நின்று தார் பூசியிருக்கிறோமே!

இந்த முறைதான் கடைசி என்று அவனும் அவன் மனைவி சங்கீதாவும் பேசி வைத்திருந்தார்கள். பெர்மிட் முடியப்போகிறது. இன்னும் இரண்டு வருஷத்துக்கு நீட்டிக்கிற படிவம் கம்பெனியிலிருந்து வந்துவிட்டது. அடுத்த திங்கள்கிழமைக்குள் கையெழுத்துப் போட்டால் இங்கே. போடாவிட்டால் ஊர், தேர்வு. இரண்டும் சேர்ந்து நடக்காது. லீவு கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். மகளுக்கு நாலு வயது. அப்பா என்றால் போனில் நெற்றி மட்டும் தெரிகிற ஆள் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

முடிவு செய்ய ஒரு வழி கண்டுபிடித்தது சங்கீதாதான். "ஞாயித்துக்கிழமை மாதிரித் தேர்வு வைக்கிறாங்கள்ல? அதுல புவியியல், சுற்றுச்சூழல்ல இருபத்தஞ்சுக்கு இருபது எடுங்க. எடுத்தா வந்துருங்க. இல்லன்னா கையெழுத்துப் போட்டுருங்க. நானும் மனசைத் தேத்திக்கிறேன்."

அந்த வாரம் திங்களன்று அவர்களை பிடோக்குக்கு அப்பால், கடற்கரைச் சாலையை ஒட்டிய ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் நிலவறைக் கார் நிறுத்தத்துக்கு அனுப்பினார்கள். இரண்டாவது கீழ்த்தளம். கடலுக்குள் மண் கொட்டி உண்டாக்கிய நிலம் அது. சுவரில் இரண்டு கான்கிரீட் வார்ப்புகள் சேரும் இடத்தில் ஒரு விரிசல். அதில் தண்ணீர். மூன்று தடவை அடைத்தும் நிற்கவில்லை. சீக்கிரம் இறுகும் சிமெண்டை அப்பினாலும் அது இறுகுவதற்குள் உள்ளேயிருந்து தள்ளிவிடுகிறது.

என்ஜினியர் யதீசன் இடுப்பில் கை வைத்து நின்றார். இங்கேயே பிறந்து வளர்ந்தவர், பாட்டன் காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம். பேச்சில் இந்த ஊர் 'லா' தானாக வந்து ஒட்டும். "ரத்னா, நீ பார்த்துச் சொல்லு லா. பைப் லீக்கா, மழைத்தண்ணியா? ஓனர் தினம் போன் போட்டு என்னை ஏசுறாரு."

ரத்னவேல் கையை வைத்தான். ஈரம் இடுப்புயரத்துக்கு இருந்தது. குளியலறை ஈரம் கைக்குத் தெரியும், மழை ஈரமும் தெரியும். இது இரண்டும் இல்லை. கண்ணைத் திறந்துவிட்டான்.

"தெரியல சார்."

அவன் அப்படிச் சொல்லி யதீசன் கேட்டதில்லை. "நீயே தெரியலன்னா நான் எங்க போறது?" என்று மேலே போய்விட்டார்.

ரத்னவேல் பாக்கெட்டிலிருந்து விடைத்தாள் நிரப்பப் பழகும் பென்சிலை எடுத்தான். ஈரத்தின் மேல்விளிம்பில் ஒரு கோடு போட்டான். பக்கத்தில் நேரம்: எட்டரை. மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு வந்து பார்த்தான். கோடு தனியாக மேலே நின்றது. ஈரம் ஒரு முழம் கீழே இறங்கியிருந்தது. மூன்று மணிக்கு விரிசல் காய்ந்து, வெள்ளையாக உப்புப் பூத்துக் கிடந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தான். கரித்தது.

செவ்வாயன்று எட்டரைக்குப் போனால் ஈரம் கோட்டுக்குக் கீழே இருந்தது. குழம்பிப்போனான். ஒன்பதேகாலுக்கு அது கோட்டைத் தொட்டு, ஒரு விரற்கடை தாண்டி நின்றது. புதிதாகக் கோடு போட்டான். புதனன்று பத்தேகால். வியாழன், பதினொன்று. நாளுக்கு நாள் அது முக்கால் மணி, ஒரு மணி பிந்தி வந்தது. பிந்தி வந்தாலும் ஒவ்வொரு நாளும் முந்தின நாளைவிட உயர்ந்தது. கடன்காரன் மாதிரி இல்லை, விருந்தாளி மாதிரி. வேறெங்கோ ஒரு வீட்டுக்குப் போய்விட்டு இங்கே வருகிற மாதிரி.

"மாப்ள, செவத்தோட என்னடா பேச்சு?" என்றான் வெங்கட். "அது என்ன, சங்கீதாவா?"

"நேரம் சொல்லுது மச்சான்."

"என்ன நேரம்?"

"அதான் தெரியல."

வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்குச் சற்று முன் ஈரம் அவன் மார்பைத் தொட்டது. விரிசலிலிருந்து மணிமணியாகத் துளிகள் கிளம்பி உருண்டன. ஐந்தாவது கோடு போட்டுக்கொண்டிருந்தபோது பின்னால் யதீசனின் குரல்.

"யாரு லா சுவத்துல கிறுக்கி வச்சிருக்கா? ஸ்கூல் பிள்ளையா?"

"நான்தான் சார்." ரத்னவேல் பென்சிலைக் கீழே இறக்கினான். "கிறுக்கல் இல்ல சார். தண்ணி உச்சிக்கு வந்த இடம். நேரம் போட்டிருக்கேன்."

யதீசன் திட்ட வாயெடுத்தவர், கோடுகளைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். ஒவ்வொரு நேரமாகப் படித்தார். கைபேசியை எடுத்து எதையோ தேடினார். திரையைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், மறுபடி திரை.

"ஓ மை காட். ரத்னா, இது டைட் லா!"

"டைட்டா இருக்குன்னா லூஸ் பண்ணிரலாம் சார்" என்றான் வெங்கட், சுத்தியலோடு.

"ஐயோ, அந்த டைட் இல்லப்பா. கடல் ஏறும், இறங்கும்ல? ஹை டைட், லோ டைட். இங்க பாரு, இன்னிக்கு ஹை டைட் எத்தனை மணின்னு போட்டிருக்கான்? உன் கோட்டுக்குக் கொஞ்சம் முந்தி. தினமும் அப்படித்தான் இருக்கு, பாரு. மண்ணுக்குள்ள வந்து சேர டைம் எடுக்குது. கடல் ஏறுறப்போ இந்தச் சுவருக்குப் பின்னால தண்ணியும் ஏறுது."

ரத்னவேல் முதல் கோட்டை விரலால் தொட்டான்.

"ஓதமா சார்?"

"ஓதமா? அது என்ன?"

"சுவத்துல வர்ற ஈரம் சார். அதுக்கு ஓதம்னு பேரு." நிறுத்தினான். "கடல் ஏறுறதுக்கும் அதே பேருதான்."

யதீசன் தோளைக் குலுக்கினார். "குட் லா. ஒரே பேரு, ஈஸி" என்று ஓனருக்குப் போன் போடப் போய்விட்டார்.

ரத்னவேல் அங்கேயே நின்றான். உள்ளங்கையைச் சுவரில் வைத்தான். சில்லென்றிருந்தது. பூமிக்கும் நிலவுக்கும் உள்ள தொலைவு மூன்று லட்சத்து எண்பத்து நாலாயிரத்து நானூறு கிலோமீட்டர். லாரியில் வெங்கட் எத்தனையோ முறை கேட்டு, அவன் எத்தனையோ முறை சொன்ன எண். அந்தத் தொலைவிலிருந்து ஒன்று கடலைப் பிடித்து இழுக்கிறது. கடல் மணலுக்குள் நுழைகிறது. சாலைக்கு அடியில், மரங்களின் வேருக்கு அடியில், பேருந்துக்குக் காத்து நிற்பவர்களின் காலுக்கு அடியில் ஒருவருக்கும் தெரியாமல் நடந்து வந்து, முழ அகலக் கான்கிரீட்டில் முடியளவு விரிசலைக் கண்டுபிடித்து, ஜெயங்கொண்டத்துக்காரன் ஒருவனின் கையை நனைக்கிறது.

அன்றைக்கு அமாவாசை. மேலே போய் எவ்வளவு தேடினாலும் நிலா தென்படாது. ஆனால் அது இரண்டாவது கீழ்த்தளத்தில், எண்பத்து மூன்றாம் எண் கார் நிற்கும் இடத்துக்குப் பின்னால், மார்பளவு உயரத்தில் இருந்தது.

"என்னடா, கண்ணு கலங்குது?" என்றான் வெங்கட்.

"சிமெண்டுத் தூசி."

ஞாயிற்றுக்கிழமை டன்லப் ஸ்திரீட்டில் ஒரு மெஸ்ஸின் மாடி. மதியச் சாப்பாட்டுக் கூட்டம் வடிந்து, மாலை டீக்கு ஆள் வருவதற்கு முன் கிடைக்கும் இரண்டு மணி நேரம் அவர்களுக்கு. கீழே சிராங்கூன் சாலைப் பக்கம் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தின் இரைச்சல் ஓயாத மழை மாதிரி கேட்டது. தேர்வு நடத்துவது ஷமீமா. ஒரு ஜவுளிக்கடையில் கல்லாவில் வேலை, ஊர் நாகூர். அவளும் தேர்வு எழுதப் போகிறவள்தான். வழிகாட்டிப் புத்தகம் ஒன்றிலிருந்து கேள்விகளைப் பிரதி எடுத்து வருவாள். விடைப் பக்கத்தை மட்டும் கைப்பைக்குள் பூட்டி வைத்திருப்பாள்.

"பக்கத்து இலையில கை வைக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டுத் தாளைக் கொடுத்தாள். ஒன்பது பேர் குனிந்தார்கள். மேஜையில் சாம்பார் வாசனை.

திருத்தும்போது ஷமீமா ஒவ்வொரு தாளாகச் சத்தமாகப் படிப்பது வழக்கம்.

"ரத்னவேல் அண்ணே. கரைவெட்டி பறவைகள் சரணாலயம் எந்த மாவட்டம்? பெரம்பலூர்னு போட்டிருக்கீங்க. உங்க அரியலூர்ண்ணே அது! சொந்த மாவட்டத்தை விட்டுட்டீங்களே!"

"நான் ஸ்கூல்ல படிக்கறப்ப பெரம்பலூர் மாவட்டம்மா. அப்புறம்தான் பிரிச்சாங்க."

"பிரிச்சு இத்தனை வருஷம் ஆச்சு, வி.ஏ.ஓ.வுக்குத் தகவல் வரல" என்றான் துணைக்கு வந்து பஜ்ஜி தின்றுகொண்டிருந்த வெங்கட். மாடியே சிரித்தது.

ஷமீமா கூட்டிப் பார்த்தாள். "பதினெட்டு."

வேண்டியது இருபது. ரத்னவேல் தாளை வாங்கி ஒவ்வொன்றாகப் பார்த்தான். இருபத்திரண்டாவது கேள்வியில் கண் நின்றது. 'கடல் ஓதம் மிக உயரமாக எழுவது எப்போது? பௌர்ணமியில் மட்டும், அமாவாசையில் மட்டும், அமாவாசை பௌர்ணமி இரண்டிலும், அட்டமியில்.' அவன் மூன்றாவதை நிரப்பியிருந்தான். அதன் மேல் சிவப்புப் பெருக்கல்.

"இது சரிதாம்மா" என்றான்.

"புத்தகத்துல பௌர்ணமி மட்டும்னு இருக்குண்ணே."

"புத்தகம் தப்பு."

மற்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ரத்னவேல் இந்த மாடியில் இவ்வளவு சத்தமாகப் பேசியதில்லை. அவனே திகைத்துப்போனான். ஆனால் நிறுத்த முடியவில்லை. கைபேசியில் சுவரின் படத்தை எடுத்து மேஜை நடுவில் வைத்தான்.

"திங்கக்கிழமை இது. வெள்ளிக்கிழமை இது, அமாவாசை. இடுப்புல இருந்தது நெஞ்சுக்கு வந்திருச்சு. நான் பௌர்ணமியைப் பார்க்கலம்மா, படிச்சதுதான். ஆனா அமாவாசையைக் கையால தொட்டேன். 'மட்டும்'னு எவன் எழுதினானோ அவன் சுவத்தைப் பார்க்கல."

ஐந்து பென்சில் கோடுகளின் மேல் தலைகளெல்லாம் குனிந்தன. ஒருவன் திரையைப் பெரிதாக்கி நேரங்களைப் படித்தான். வெங்கட் பஜ்ஜியைக் கீழே வைத்தான்.

"இது எந்த இடத்துச் சுவருண்ணே?" என்று கேட்டாள் ஷமீமா, மெதுவாக.

"பிடோக் பக்கம். கார் பார்க்."

அவள் தன் போனில் பள்ளிப் பாடநூலைத் திறந்து தேடினாள். படித்தாள். பிறகு சிவப்புப் பேனாவை எடுத்து பெருக்கலை அடித்துவிட்டு, பக்கத்தில் பெரிதாக ஒரு சரி போட்டாள். "எங்க வாப்பா கடலுக்குப் போறவரு. அமாவாசைத் தண்ணின்னு சொல்வாரு. எனக்கே இது தோணல பாருங்க. பத்தொன்பதுண்ணே."

பத்தொன்பது. இன்னும் ஒன்று வேண்டும். மறுபடியும் அதே ஒன்று.

படியிறங்கி, கூட்டத்தைத் தாண்டி, புல்வெளி ஓரமாக ஓர் இடம் பிடித்து சங்கீதாவுக்குப் போன் போட்டான். மார்க்கைச் சொல்லத்தான் கூப்பிட்டான். ஆனால் வாயில் வந்தது சுவர். கோடுகளைச் சொன்னான், உப்பைச் சொன்னான், நேரம் பிந்திப் பிந்தி வந்ததைச் சொன்னான். "நிலா தெரியவே தெரியாது சங்கீதா, ஆனா அது வந்துச்சு. என் கையில வந்துச்சு" என்றபோது அவன் குரல் உயர்ந்து, பக்கத்தில் சாப்பாட்டுப் பொட்டலம் பிரித்துக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

சங்கீதா முழுக்கக் கேட்டாள். பிறகு, "மார்க்கு எவ்வளவுங்க?"

"பத்தொன்பது."

பின்னால் மகள் ஏதோ கேட்பது கேட்டது.

"ஏங்க, ஏழு வருஷமா போன் பண்றீங்க. 'சாப்டியா, பாப்பா தூங்கிருச்சா, வெயில் எப்படி'. அதுக்கு மேல நாலு வார்த்தை வாங்க முடியாது. இன்னிக்கு இருபது நிமிஷம் நிறுத்தாம பேசியிருக்கீங்க. அதுவும் ஒரு செவத்தைப் பத்தி."

"ம்."

"போன தடவை மார்க்குக்காகப் படிச்சீங்க. இப்ப அப்படித் தெரியல." அவள் மூக்கை உறிஞ்சினாள். "அந்த ஒண்ணை இங்க வந்து படிச்சுக்கலாம். கரைவெட்டிக்கு பஸ்ஸு போகுதுல்ல, பாப்பாவையும் கூட்டிட்டுப் போய்ப் பறவையைப் பாருங்க. அப்புறம் அது எந்த மாவட்டம்னு மறந்துடுவீங்களா? வந்துருங்க."

திங்களன்று அலுவலகப் பெண்ணிடம் படிவத்தை வெறுமையாகவே திருப்பிக் கொடுத்தான். "சைன் நோ?" என்று கேட்டாள். "நோ" என்றான். அவ்வளவுதான். பெரிய காரியமெல்லாம் சின்ன வார்த்தையில் முடிகிறது.

விரிசலை அடைக்கும் வேலையை யதீசன் அன்று காலை ஏழே முக்காலுக்கு வைத்திருந்தார். கடல் இறங்கியிருக்கும் நேரம். விரிசல் காய்ந்திருந்தது. ரத்னவேல் உப்பைச் சுரண்டி, தூசி ஊதி, சிமெண்டைக் குழைத்து உள்ளே அழுத்தி, மேலே பூச்சு இழுத்தான். இந்த முறை யாரும் உள்ளேயிருந்து தள்ளவில்லை. அது நிதானமாக இறுகியது. மூன்று தடவையும் கடல் ஏறும் நேரமாகப் பார்த்துத்தான் அடைத்திருக்கிறார்கள் என்று யதீசன் தலையில் அடித்துக்கொண்டார். "அந்தக் கோடுங்களையெல்லாம் பெயிண்ட் அடிச்சு மறைச்சிடு ரத்னா" என்றார். போகிறபோது திரும்பி, "போட்டோ எடுத்தாச்சா? எனக்கு அனுப்பு லா" என்றார்.

மதியம் இரண்டு மணி. சுவர் வெள்ளையாக, புதிதாக நின்றது. வெங்கட் பெயிண்ட் வாளியில் தட்டிக்கொண்டே கேள்வியை எடுத்தான்.

"ஓதங்கள் தோன்றக் காரணம் எது? அ, காற்று. ஆ..."

ரத்னவேல் கேள்வி முடியும்வரை காத்திருக்கவில்லை. வெங்கட்டின் கையைப் பிடித்து இழுத்து சுவரில் வைத்தான்.

"என்னடா? காஞ்சுல்ல கெடக்கு."

"ஆமா."

"அப்புறம் எதுக்கு?"

"சும்மா வச்சிரு மச்சான். அந்தப் பக்கம் ஏறிக்கிட்டிருக்கு."

வெங்கட் வாளியைக் காலால் ஒதுக்கிவிட்டு நெருங்கி நின்றான். இருவரும் காய்ந்த சுவரில் கை வைத்தபடி கொஞ்ச நேரம் நின்றார்கள்.